முகம் காட்டாத புரவலர்: 'டாடி லாங் லெக்ஸ்' நாவலின் திருப்பம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீன் வெப்ஸ்டர் எழுதி 1912இல் வெளிவந்த 'டாடி லாங் லெக்ஸ்' என்னும் அமெரிக்க நாவலில், ஓர் அனாதைப் பெண்ணைத் தன் செலவில் கல்லூரிக்கு அனுப்பும் பெயர் தெரியாத மனிதர் யார் என்பது கடைசிக் கடிதத்தில்தான் வெளிப்படுகிறது. அந்தத் திருப்பத்தைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. முடிவு தெரியாமல் நாவலைப் படிக்க விரும்புவோர் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கதை எதைப் பற்றியது?

ஜெருஷா அபட் என்பவள் ஜான் கிரியர் இல்லம் என்னும் அனாதை விடுதியில் வளர்ந்தவள். அங்குள்ள பிள்ளைகளில் மூத்தவள். அவள் பெயர்கூட விடுதிக் கண்காணிப்பாளர் திருமதி லிப்பெட் வைத்ததுதான். குடும்பப் பெயரைத் தொலைபேசி விவரத் திரட்டின் முதல் பக்கத்திலிருந்தும், முதற்பெயரை ஒரு கல்லறைக் கல்லிலிருந்தும் அந்த அம்மையார் எடுத்துக்கொண்டார். மாதந்தோறும் முதல் புதன்கிழமை அறங்காவலர்கள் விடுதியைப் பார்வையிட வருவார்கள். அன்று தரையெல்லாம் பளபளக்க வேண்டும். 97 குழந்தைகளையும் தேய்த்துக் குளிப்பாட்டித் தலைவாரிப் பொத்தான் பூட்டி நிறுத்த வேண்டும். அந்த நாளைக் கேலி செய்து ஜெருஷா எழுதிய பள்ளிக் கட்டுரை ஒன்றை அறங்காவலர்களில் ஒருவர் கேட்டு ரசிக்கிறார். அவளை எழுத்தாளராக ஆக்கவேண்டும் என்பதற்காகக் கல்லூரிக்கு அனுப்ப முன்வருகிறார்.

அவர் விதிக்கும் நிபந்தனைகள் விசித்திரமானவை. கல்லூரிக் கட்டணம் நேரடியாகச் செலுத்தப்படும். கைச்செலவுக்கு மாதம் 35 டாலர் வரும். பதிலுக்கு அவள் மாதம் ஒருமுறை தன் படிப்பைப் பற்றி 'ஜான் ஸ்மித்' என்னும் புனைபெயருக்குக் கடிதம் எழுத வேண்டும்; நன்றி சொல்லக் கூடாது, பதிலையும் எதிர்பார்க்கக் கூடாது. அந்த மனிதரை அவள் கண்டதெல்லாம் ஒரு நொடிதான். வாசலில் வந்து நின்ற காரின் விளக்கொளி பட்டு, அவருடைய நிழல் நீண்ட கைகளும் கால்களுமாகச் சுவரில் ஏறி ஆடியது. நீளக்கால் பூச்சி ஒன்றைப் போல அது தெரிந்ததால், அந்தப் பூச்சிக்கு அமெரிக்கப் பிள்ளைகள் வழங்கும் 'டாடி லாங் லெக்ஸ்' என்னும் பெயரையே அவருக்குச் சூட்டிவிடுகிறாள். தன் பெயரையும் ஜூடி என்று மாற்றிக்கொண்டு நான்கு ஆண்டுகள் அவள் எழுதும் கடிதங்களே நாவல்.

அந்தப் புரவலர் யார்? எப்படி வெளிப்படுகிறார்?

ஜூடியின் கல்லூரித் தோழி ஜூலியா பெண்டில்டனின் சித்தப்பாவான ஜெர்விஸ் பெண்டில்டன்தான் அவர். ஜூலியாவைப் பார்க்க வந்தவராக அறிமுகமாகி, பிறகு ஜூடியின் நண்பராகி, கடைசியில் அவளை மணந்துகொள்ளக் கேட்டு மறுக்கப்பட்டவரும் அவரே.

மறுத்ததற்குக் காரணம் அன்பின்மை அன்று. அனாதை விடுதியில் வளர்ந்ததை அவரிடம் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. தன் வேதனையை அவள் கொட்டித் தீர்ப்பது தன் புரவலரிடம்தான்: இன்னொரு மனிதரை நேசிக்கிறேன், என்ன செய்யட்டும் என்று அவருக்கே எழுதி ஆலோசனை கேட்கிறாள். நேரில் வரும்படி பதில் வருகிறது. நியூயார்க்கில் ஒரு பெரிய வீட்டின் நூலக அறைக்குள் அவளை அழைத்துச் செல்கிறார்கள். கணப்பருகே, தலையணைகளில் சாய்ந்தபடி ஒரு நோயாளி உட்கார்ந்திருக்கிறார். கிழவர் ஒருவரை எதிர்பார்த்துப் போனவள் ஜெர்விஸைப் பார்க்கிறாள். அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. தன்னை மகிழ்விக்கப் புரவலர் இவரையும் வரவழைத்திருக்கிறார் போலும் என்றே எண்ணிக்கொள்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி உண்மையைச் சொன்ன பிறகுதான் எல்லாம் விளங்குகிறது. முடிச்சு முழுக்க அவிழ்ந்த பிறகும் நாயகி இன்னும் ஒரு கணம் தவறான பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது இந்தக் காட்சியின் அழகு என்று கருதுகிறேன்.

கவனமாகப் படிப்பவர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்களா?

பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுவார்கள், அதை வெப்ஸ்டரின் குறையாக எண்ண வேண்டியதில்லை. அவர் தடயங்களை ஒளித்துவைக்கவே இல்லை. ஜூடியின் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சொல்லவைக்கிறார்.

முதலாம் ஆண்டின் ஏப்ரல் தொடக்கத்தில் ஜூடி நோயுற்றுக் கல்லூரி மருத்துவ விடுதியில் கிடக்கிறாள். அதற்குச் சற்று முன்புதான், தன் கடிதங்களை யாரும் படிப்பதாகவே தெரியவில்லை என்று மனம் வெதும்பி ஒரு சுடுகடிதம் அனுப்பியிருந்தாள். மறுமொழியாக ஒரு பெட்டி நிறைய இளஞ்சிவப்பு ரோஜா மொட்டுகள் வருகின்றன. கூடவே ஓர் அட்டை. அதில் கையால் எழுதிய சில வரிகள். அந்த எழுத்து பின்பக்கம் சாய்ந்து மேல்நோக்கி ஏறும் வேடிக்கையான எழுத்து என்பதைக்கூட அவள் குறித்துவைக்கிறாள். மே மாத இறுதியில் ஜூலியாவின் சித்தப்பா கல்லூரிக்கு வருகிறார்! ஜூலியாவுக்கும் மற்றொரு தோழி சாலிக்கும் வகுப்பு இருந்ததால் விருந்தினரை அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு ஜூடிக்கு வருகிறது. இருவரும் தேநீர் அருந்திவிட்டுத் திரும்புகிறார்கள். உயரமான, ஒல்லியான அந்த மனிதரைப் பார்க்கும்போது இருபது ஆண்டுகளுக்கு முன் நீங்கள் இப்படித்தான் இருந்திருப்பீர்கள் என்று தோன்றியதாகப் புரவலருக்கே எழுதுகிறாள். ரோஜாவுக்கும் அந்த வருகைக்கும் இடையிலுள்ள தொடர்பை நாவல் ஒரு சொல்லாலும் சுட்டவில்லை. இரண்டாம் முறை படிக்கும்போதுதான், நோயில் அழுத பெண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாமல் ஒருவர் ரயிலேறி வந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

அடுத்தது லாக் வில்லோ பண்ணை. விடுமுறைக்கு எங்கே போவது என்று தெரியாத ஜூடியைச் செயலாளர் மூலம் கனெக்டிகட்டிலுள்ள ஒரு பண்ணை வீட்டுக்கு அனுப்புகிறார் புரவலர். அங்கே போனதும் அது முன்பு ஜெர்விஸ் பெண்டில்டனுக்குச் சொந்தமாக இருந்த இடம் என்றும், தம்மைச் சிறுவயதில் வளர்த்த திருமதி செம்பிளுக்கு அவர் அதைக் கொடுத்துவிட்டார் என்றும் அவளுக்குத் தெரியவருகிறது. பரணில் கிடந்த ஒரு பழைய புத்தகத்தில், நோய்க்குப் பின் தேறுவதற்காக அங்கே தங்கியிருந்த பதினொரு வயது ஜெர்விஸின் கிறுக்கல்கூட அவள் கையில் கிடைக்கிறது. இந்தப் பண்ணை உங்களுக்கு எப்படித் தெரிந்தது, இது என்ன வேடிக்கையான தற்செயல் என்று அவள் கேட்டெழுதுகிறாள். ஒரு துப்பறியும் நாவலில் இந்த வரி வந்திருந்தால் அத்தோடு வழக்கு முடிந்திருக்கும்.

ஜூலியாவின் குடும்பத்தார் ஜெர்விஸைப் பற்றிச் சொல்லும் குறையும் ஒரு தடயம்தான்: சோஷலிஸ்ட் ஆகிவிட்டார், படகும் காரும் வாங்காமல் சீர்திருத்தம் என்ற பெயரில் பணத்தை வீணடிக்கிறார் என்று அவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி யாருக்குப் போகிறது என்பதை ஜூடிதான் யோசிக்க மறந்துவிடுகிறாள்.

இத்தனையும் கண் முன்னே இருந்தும் ஜூடிக்குத் தெரியாமல் போனது நம்பும்படி இருக்கிறதா?

இருக்கிறது. காரணம், அவள் தன் புரவலரைப் பற்றிய சித்திரத்தை முதல் கடிதத்திலேயே முடித்துவிட்டாள். அவரைப் பற்றித் தனக்குத் தெரிந்தவை மூன்றே என்கிறாள்: உயரமானவர், பணக்காரர், பெண் பிள்ளைகளைப் பிடிக்காதவர். விடுதியிலிருந்து அதுவரை ஆண் பிள்ளைகளை மட்டுமே அவர் படிக்கவைத்திருந்தார் என்பதால் வந்த முடிவு அது. இந்த மூன்றில் எதைக்கொண்டு அவரை அழைப்பது என்றும் ஆராய்கிறாள். பங்குச் சந்தையில் கெட்டிக்காரர்களே நொடித்துப் போகிறார்கள், ஆகவே பணம் நிலைக்காது. உயரம் மட்டும் கடைசிவரை இருக்கும் என்று கணக்குப்போட்டே பட்டப்பெயரைத் தேர்ந்தெடுக்கிறாள்.

அறங்காவலர் என்றால் வயதானவராகத்தான் இருக்கவேண்டும் என்பது விடுதியில் வளர்ந்த பிள்ளையின் அனுபவம். தலை வழுக்கையா, நரையா என்று அவள் கேட்டு, பதில் வராமல், பெரிய எழுத்தில் மறுபடியும் கேட்கிறாள். தாத்தாவாகவும் மாமாவாகவும் ஒருவரைக் கற்பனை செய்துவிட்டவளுக்கு, தன்னோடு ஓடைக்கரையில் நடக்கிற, தன்னைவிடப் பதினான்கு வயது மட்டுமே மூத்த ஒருவர்மேல் சந்தேகம் எழ வழியில்லை. குடும்பம் என்ற ஒன்று இல்லாதவள் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளத் துடிக்கிறாள். அந்தத் துடிப்பே அவள் கண்ணைக் கட்டிவிடுகிறது.

கதை ஏன் கடிதங்களாகவே எழுதப்பட்டிருக்கிறது?

இந்த முடிச்சு வேறு வடிவத்தில் நிற்காது. தொடக்கத்தில் விடுதி வாழ்க்கையைக் காட்டும் ஒரு சிறு பகுதி மட்டும் படர்க்கையில் அமைந்திருக்கிறது. மற்றவை அனைத்தும் ஒருவழிக் கடிதங்கள். எழுதுபவள் பேசுகிறாள், படிப்பவர் பேசுவதே இல்லை. எனவே படிப்பவரின் மனத்தில் என்ன நடக்கிறது என்பது அடுத்த கடிதத்தில் ஜூடி காட்டும் எதிர்வினையிலிருந்துதான் நமக்குத் தெரியவருகிறது. அவள் நன்றி சொன்னால் ஏதோ வந்திருக்கிறது. கோபித்தால் செயலாளரிடமிருந்து ஒரு தடை வந்திருக்கிறது. நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்பதைக்கூடத் தேதிகளைக்கொண்டு நாமே கணக்கிட வேண்டியிருக்கிறது.

இதனால் நாவலுக்குள் எழுதப்படாத இன்னொரு நாவல் உருவாகிவிடுகிறது. முதல் வாசிப்பில் நாம் படிப்பது ஒரு பெண் உலகத்தைக் கண்டறியும் கதை: குழந்தைப் பருவத்தில் எல்லாரும் படித்த கதைப் புத்தகங்களைத் தான் படித்ததில்லை என்று வெட்கப்பட்டு இரவில் உட்கார்ந்து அவற்றைப் படித்துத் தீர்ப்பவள், தன் பணத்தில் வாங்கிய பட்டுக் காலுறையைப் பற்றி ஒரு பத்தி எழுதுபவள். இரண்டாம் வாசிப்பிலோ, அந்தக் கடிதங்களைத் தனியறையில் உட்கார்ந்து படிக்கும் ஒருவரின் கதையைத்தான் நாம் படிக்கிறோம். அவர் தம்மைப் பற்றிய வர்ணனையையே வேறொருவரைப் பற்றியதுபோலப் படிக்க நேர்கிறது. தம் அண்ணன் மகளின் தோழி தமக்கே எழுதி, என் தோழியின் சித்தப்பா எவ்வளவு இனிமையானவர் தெரியுமா என்று வியப்பதைப் படித்துவிட்டு, அதற்கு ஒரு வரிகூடப் பதில் எழுத முடியாமல் அவர் இருக்கிறார். தாமே விதித்த நிபந்தனை தமக்கே விலங்காகிவிட்ட அந்த நகைச்சுவையை வெப்ஸ்டர் எங்கும் விளக்கவில்லை.

அவர் ஏன் தம்மை மறைத்துக்கொண்டார்?

தொடக்கத்தில் இதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உதவி பெற்றவர்கள் நன்றி சொல்லி நெளிவதை அவர் விரும்பவில்லை. கடிதம் எழுதுவதும் அவருக்குப் பிடிக்காது. முன்பு படிக்கவைத்த பையன்கள் விஷயத்திலும் அவர் பெயரை வெளியிட்டதில்லை. பிறகு, கல்லூரிக்கு வந்து அவளைப் பார்த்த நாளிலிருந்து காரணம் மாறிவிடுகிறது. தாம் யார் என்று சொன்னால் அவள் தம்மைப் பார்க்கும் பார்வையில் கடன்பட்டவளின் கூச்சம் புகுந்துவிடும் என்று அவர் அஞ்சியிருக்க வேண்டும். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்றாலும், அதற்குப் பிறகு அவர் மறைந்திருந்த விதத்தில் எல்லாம் நியாயம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

இன்றைய பார்வையில் ஜெர்விஸ் செய்தது கட்டுப்படுத்தும் செயல் அல்லவா?

ஆம், பல இடங்களில் அப்படித்தான். இரண்டாம் ஆண்டின் முடிவில் சாலியின் தாயார் திருமதி மெக்பிரைட், மலைப்பகுதியிலுள்ள தங்கள் கோடை முகாமுக்கு ஜூடியை அழைக்கிறார். அங்கே சாலியின் அண்ணன் ஜிம்மியும் இருப்பான். பிரின்ஸ்டனில் படிக்கும் அந்த இளைஞனைப் பற்றி ஜூடி முன்பே உற்சாகமாக எழுதியிருக்கிறாள். உடனே செயலாளரின் தட்டச்சுக் கடிதம் வருகிறது: அழைப்பை ஏற்க வேண்டாம், சென்ற ஆண்டைப் போலவே லாக் வில்லோவுக்குப் போகவேண்டும் என்று திரு. ஸ்மித் விரும்புகிறார். காரணம் சொல்லப்படவில்லை. ஜூடி ஏன், ஏன் என்று கேட்டுப் புலம்பிவிட்டுக் கட்டுப்படுகிறாள். அந்தக் கோடையில் பண்ணைக்கு வந்து சேரும் விருந்தாளி ஜெர்விஸ். போட்டியாளனின் வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்துத் தம் இடத்துக்கு வரவழைத்துக்கொண்டார் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. அவளுடைய அந்தரங்கக் கடிதங்களை ஒரு பெயரில் பெற்றுக்கொண்டு, இன்னொரு பெயரில் அவளிடம் பழகியதும் சமமான ஆட்டம் அன்று.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாவலில் பாதியை விட்டவர்களாவோம். முகாம் விஷயத்தில் பணிந்துபோன ஜூடி மற்ற இடங்களில் பணியவில்லை. தொப்பி வாங்கிக்கொள்ள அனுப்பிய 50 டாலர் காசோலையைத் தன் கைச்செலவுப் பணமே போதும் என்று திருப்பி அனுப்புகிறாள். ஆங்கிலத்தில் சிறந்து விளங்கியதற்காகக் கிடைத்த உதவித்தொகையை ஏற்கக் கூடாது என்று புரவலர் தடுத்தபோது, அது தன் உழைப்புக்குக் கிடைத்தது என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறாள். அடுத்த கோடையில் ஐரோப்பியப் பயணத்துக்கு அவர் ஏற்பாடு செய்தபோது, அது தனக்கு உரியதல்ல என்று மறுத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கப் போகிறாள்.

அப்போது ஜெர்விஸ் நேரில் வந்து அவளை மாற்றப் பார்க்கும் பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும். முட்டாள், பிடிவாதக்காரி, அறிவற்ற குழந்தை என்று அவர் திட்டித் தீர்க்கிறார். அவர் அவ்வளவு அதிகாரம் செய்யாமல் இருந்திருந்தால் ஒருவேளை தான் இளகியிருக்கலாம், படிப்படியாக இழுத்தால் வருவேன், கட்டாயப்படுத்தினால் வரமாட்டேன் என்று ஜூடி எழுதுகிறாள். யாருக்கு? அதே மனிதருக்கு. அந்தக் கண்டிப்பு உரியவர் கையில் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அவளுக்கே தெரியாது. பிறகு அவள் யாரையும் கேட்காமல் மெக்பிரைட் முகாமுக்கும் போய்விடுகிறாள்.

ஆகவே இந்தப் புரவலரைத் தூய அன்பின் வடிவமாகக் கொண்டாடுவதும், வெறும் ஆதிக்கக்காரராகத் தள்ளிவிடுவதும் நாவலைச் சரியாகப் படித்ததாகாது. அவர் தவறுகிறார், அவள் ஒவ்வொரு முறையும் ஓரடி தள்ளி நிற்கக் கற்றுக்கொள்கிறாள்.

அந்தத் திருப்பம் மனத்துக்கு இதமாக அமைந்தது எதனால்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் முக்கியமானது இதுவே. காதலர் பணக்காரராக இருந்ததால் மனம் குளிர்கிறது என்று பலர் பதில் சொல்லக்கூடும். அது சரியன்று, அப்படியானால் முதலாம் ஆண்டிலேயே முகமூடி கழன்றிருந்தாலும் அதே இதம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்திருக்காது, தன்னை வாங்கிவிட்டார் என்ற உறுத்தல்தான் மிஞ்சியிருக்கும்.

வெப்ஸ்டர் வரிசையை எப்படி அமைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஜூடியின் முதல் நாவல் திரும்பி வந்துவிடுகிறது. பிறகு, யாருக்கும் சொல்லக் கூசிய ஜான் கிரியர் இல்லத்தையே பொருளாகக் கொண்டு இன்னொரு நாவலை எழுதுகிறாள். அது ஏற்கப்படுகிறது, முதலில் தொடராகவும் பிறகு நூலாகவும் வெளிவரப் போகிறது. கையில் பணம் வந்ததும் 1,000 டாலர் காசோலையைப் புரவலருக்கு அனுப்பி, இன்னும் 2,000 டாலருக்கு மேல் தரவேண்டியிருக்கிறது, தவணை தவணையாக வரும், தயவுசெய்து மறுக்காதீர்கள் என்று எழுதுகிறாள். தான் இன்னொருவரை நேசிப்பதைச் சொல்லி ஆலோசனை கேட்பதும் அதே கடிதத்தில்தான். கடனை அடைக்கத் தொடங்கிய பிறகே காதலைப் பற்றி வாய் திறக்கிறாள். உண்மை வெளிப்படும் நேரத்தில் அவளுக்குப் புரவலர் தேவையில்லை. எனவே அவர் புரவலராக இருந்ததும் இனி ஒரு சுமையாக இல்லை.

இதே போன்ற திருப்பமுள்ள பிற நாவல்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

இரண்டோடு ஒப்பிட்டால் போதும். சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வார இதழில் தொடராக வந்தது. கொல்லன் வீட்டில் வளர்ந்த பிப் என்னும் சிறுவனுக்கு வழக்கறிஞர் ஜேகர்ஸ் வழியாகப் பெருஞ்செல்வம் வருகிறது. தந்தவர் பெயரைக் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. செல்வச் சீமாட்டி மிஸ் ஹாவிஷாம்தான் தன்னைக் கனவானாக்குகிறார் என்று பிப் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். புயலடிக்கும் ஓர் இரவில் மாடிப்படியேறி வருபவனோ, சிறுவயதில் கல்லறைத் தோட்டத்தில் அவன் உணவு கொடுத்த கைதி மேக்விச். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே ஆடு வளர்த்துச் சேர்த்த பணமெல்லாம் பிப்புக்கு வந்திருக்கிறது. அங்கே வாசகரும் நாயகனோடு சேர்ந்து ஏமாறுகிறார்; வெளிப்பாடு அருவருப்பில் தொடங்கி, வெகு மெதுவாகத்தான் அன்பாக மாறுகிறது. திருப்பம் என்ற அளவில் அதுவே உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதமான நாவலைத் தேடுபவர் கையில் அதைக் கொடுக்க முடியாது.

பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'எ லிட்டில் பிரின்சஸ்' (1905) இதற்கு நேர்மாறு. லண்டன் விடுதிப் பள்ளியின் குளிர்ந்த பரணறையில் வேலைக்காரியாக வாடும் சாராவுக்கு, அடுத்த வீட்டில் குடியிருக்கும் கேரிஸ்ஃபோர்டின் பொருட்டு அவருடைய இந்தியப் பணியாளர் ராம் தாஸ் கூரைச் சாளரம் வழியாக உணவும் போர்வையும் கொண்டுவந்து வைக்கிறார். இது வாசகருக்குத் தெரியும், சாராவுக்குத் தெரியாது. அதற்கு மேல், தாம் நாடு நாடாகத் தேடிக்கொண்டிருக்கும் நண்பரின் மகள் இவள்தான் என்பது கேரிஸ்ஃபோர்டுக்கே தெரியாது. உதவியவரும் உதவி பெற்றவளும் ஒருவரையொருவர் ஒரே அறையில் கண்டுகொள்ளும் இரட்டை முடிச்சு அது.

வெப்ஸ்டர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். வாசகருக்குச் சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை, சந்தேகப்பட விட்டுவிடுகிறார்.

எழுத்தாளருக்கு அனாதை விடுதிகளைப் பற்றி நேரடி அறிவு இருந்ததா?

இருந்தது. 1876இல் பிறந்த ஜீன் வெப்ஸ்டர் வாசர் மகளிர் கல்லூரியில் ஆங்கிலமும் பொருளாதாரமும் படித்து 1901இல் பட்டம் பெற்றவர். படிப்பின் ஒரு பகுதியாக ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லங்களை நேரில் பார்த்தவர். எழுத்தாளர் மார்க் ட்வெய்னின் சகோதரியுடைய பேத்தி என்ற உறவும் அவருக்கு உண்டு. நகைச்சுவை அந்த வழியில் வந்ததா என்பது வேறு ஆராய்ச்சி. நாவல் வெளியான காலத்தில் அமெரிக்காவில் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அது 1920இல்தான் வந்தது. பெண்கள் குடிமக்களா இல்லையா என்று ஜூடி ஓரிடத்தில் கேட்பதற்கு அதுவே பின்புலம். நாவல் புகழ்பெற்ற பிறகு அதன் பெயரில் பொம்மைகள் விற்கப்பட்டு, அனாதைக் குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் பணிக்கு நிதி திரட்டப்பட்டது. வெப்ஸ்டர் 1915இல் திருமணம் செய்துகொண்டு, 1916 ஜூனில் மகள் பிறந்த மறுநாள் காலமானார்.

திரைப்படங்களில் இந்த இரகசியத்தை எப்படிக் கையாண்டார்கள்?

மேரி பிக்ஃபோர்ட் நடித்து 1919இல் ஒரு மௌனப்படம் வந்தது. 1955இல் ஃபிரெட் அஸ்டேரும் லெஸ்லி கேரனும் நடித்த இசைப்படத்தில் புரவலர் யார் என்பது பார்வையாளருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஜப்பானில் 1990இல் தொலைக்காட்சி அனிமே தொடராகவும் வந்தது. திரையில் நடிகரின் முகத்தைக் காட்டாமல் இருக்க முடியாது என்பதால், நாவலின் உத்தி அங்கே தானாகவே தளர்ந்துபோகிறது. இரண்டே நடிகர்களைக்கொண்டு 2009இல் அரங்கேறிய மேடை இசைநாடகம் இதற்கு நல்ல வழி கண்டது: ஜெர்விஸ் கடிதங்களைப் படிப்பதையே காட்டி, நாவலின் எழுதப்படாத பாதியை மேடைக்குக் கொண்டுவந்தது.

ஜப்பானில் இந்த நாவலின் தாக்கம் இலக்கியத்தோடு நிற்கவில்லை. பெற்றோரை இழந்த மாணவர்களுக்குக் கல்வி உதவி அளிக்கும் 'அஷினாகா' என்னும் அமைப்பு இந்த நாவலின் ஜப்பானியத் தலைப்பிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது.

ஏமாற்றப்பட்டதற்காக ஜூடி கடைசியில் கோபப்படாதது ஏன்?

கடைசிக் கடிதம் அவளுடைய கோபத்தைப் பற்றியதாக இல்லை. அவளுடைய பயத்தைப் பற்றியதாக இருக்கிறது. இதுவரை இழப்பதற்கு எதுவும் இல்லாததால் கவலையின்றி இருந்தேன், இனி உங்களை ஏதாவது கார் மோதிவிடுமோ, விளம்பரப் பலகை தலையில் விழுமோ, கிருமி எதையாவது விழுங்கிவிடுவீர்களோ என்று வாழ்நாள் முழுவதும் அஞ்சப் போகிறேன் என்று எழுதுகிறாள். ஜெர்விஸ் அப்போதுதான் நிமோனியாவிலிருந்து தேறிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைவில் கொண்டால் இது வெறும் விளையாட்டுப் பேச்சாகத் தோன்றாது. இருந்தாலும், முகாம் விஷயத்தையாவது அவள் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால் முடிவு இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

இதற்குத் தொடர்ச்சி உண்டா?

உண்டு. 1915இல் வந்த 'டியர் எனிமி' நாவலில் தோழி சாலி மெக்பிரைட் ஜான் கிரியர் இல்லத்தின் கண்காணிப்பாளராகிறாள். அதுவும் கடிதங்களாகவே அமைந்தது. ஜூடியும் ஜெர்விஸும் அந்த விடுதியைச் சீர்திருத்தப் பணம் தருகிறார்கள். ஆனால் அதில் இரகசியப் புரவலர் என்று யாரும் இல்லை.

எந்தப் பதிப்பைப் படிக்கலாம்?

மூல நூலின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஆங்கில வடிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வெப்ஸ்டர் தாமே வரைந்த கோட்டுச் சித்திரங்கள் உள்ள பதிப்பைத் தேடி எடுங்கள். அவை ஜூடி கடிதங்களுக்கிடையே கிறுக்கியவையாகக் கதைக்குள்ளேயே இடம்பெறுபவை. படங்களை நீக்கிய பதிப்புகளில், இதோ என் படம் பாருங்கள் என்று அவள் சொல்லும் இடங்களுக்கு அடியில் ஒன்றும் இருக்காது.